கைப்பிடிச் சுவரில் ஒன்பது டப்பா

காலை ஆறேகால் மணியானால் மடிப்பக்காவுக்கு வேலை ஓடாது. கையில் எடுத்த கரண்டி கையிலேயே நிற்கும். அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு, வெளியே நடையில் நிற்கும் புருஷன் எண்ணுவதைக் காது கொடுத்துக் கேட்பாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஒன்பது வரை வந்துவிட்டால் அன்றைய பொழுது பிழைத்தது. கரண்டி மறுபடி நகரும்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. இரண்டு மூலையைப் பிடித்து ஓர் உதறு, மார்போடு ஒரு தட்டு, தொடையில் ஒரு தட்டு. விரிப்பு செங்கல் போல அடுக்கில் உட்கார்ந்துவிடும். அங்கே எல்லாருக்கும் அவள் மடிப்பக்காதான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

வெளுப்பு மருந்து வரும் பிளாஸ்டிக் கேன்கள் காலியானால் குப்பைக்குப் போகும். அவள் அதில் ஒன்றிரண்டைக் கேட்டு வாங்கி, வாயை அறுத்து, நாலைந்து தடவை கழுவி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு மண் நிரப்புவாள். அப்படிச் சேர்ந்தவை ஒன்பது. கேன் ஐந்து, விரிசல் விட்ட வாளி இரண்டு, பெயிண்ட் டப்பா ஒன்று, பிடி போன அலுமினியப் பாத்திரம் ஒன்று. மாடி வீட்டின் முன்னால் இருந்த குறுகிய நடையின் கைப்பிடிச் சுவரில் அவை வரிசையாக உட்கார்ந்திருந்தன. இடது கோடியில் சங்குப்பூ, வலது கோடியில் வெள்ளை நித்தியகல்யாணி, நடுவில் பெயிண்ட் டப்பாவில் சிவப்பு ஜினியா. இடையில் காசித்தும்பை, மேசை ரோஜா, அந்திமந்தாரை என்று யாரும் காசு கொடுத்து வாங்காத செடிகள். விதை கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லாத செடிகள்.

புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் கூப்பிடுவது வேன் மாமா. அவருக்கு அந்த வரிசை பூவாகக் கண்ணில் பட்டதே இல்லை.

"இந்த டப்பாக் காட்டத் தாண்டி வெளிய போறதுக்குள்ள சட்டையெல்லாம் மண்ணு. பூவா இது? தலையில வெக்கவும் ஆகாது, கடையில விக்கவும் ஆகாது."

"உங்கள யாரு வெக்கச் சொன்னா? உங்க தலையில வெக்க எடமும் இல்ல," என்பாள் அவள். அவருக்கு வழுக்கை. பேச்சு அதோடு முடியும்.

இப்படி இருந்த மனுஷன் பூவை எண்ண ஆரம்பித்ததற்குக் காரணம் பயம்.

அவருடைய அண்ணன் ஐம்பத்தெட்டு வயதில் பார்வை இழந்தவர். கண்ணுக்குள் பிரஷர். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. ஓரத்திலிருந்து பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும் நோய் அது. நேர்ப் பார்வையைக் கடைசியில்தான் தொடும். அண்ணன் ஆஸ்பத்திரி போனபோது எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை வாசித்தார். ஆனால் பக்கத்தில் நின்ற மனைவி தெரியவில்லை. நேர்ப் பார்வையும் போன பிறகு இரண்டு வருஷம், ஒரே அறை, ஒரே கட்டில். சாப்பாட்டை ஊட்டினால் தின்பார், இல்லையென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கடைசி மாதங்களில் அவருக்குப் படுக்கைப் புண் துடைத்துவிட்டவள் மடிப்பக்காதான். அந்த வாடை அவளுக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

அண்ணனைச் சோதித்த அன்றே டாக்டர் சொல்லியிருந்தார்: "கூடப் பொறந்தவங்க எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவ கண்ணக் காட்டணும். இது குடும்பத்துல வர்றது."

வேன்காரர் தலையாட்டினார். போகவில்லை. பயந்தவர்கள் ஆஸ்பத்திரியைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போவார்கள். அவர் நடைக்குப் போனார்.

அண்ணனைச் சோதிக்கும்போது டாக்டர் மூக்குக்கு நேரே ஒரு விரலைப் பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் பேனாவை ஆட்டிக் காட்டியது அவர் மனதில் பதிந்திருந்தது. அதையே டப்பாக்களை வைத்துச் செய்துகொண்டார். வாசல் நிலையில் முதுகைச் சாய்த்து நிற்பது. ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொள்வது. நடு ஜினியாவை விட்டுப் பார்வையை நகர்த்தாமல் இரண்டு பக்கமும் எத்தனை டப்பா தெரிகிறது என்று எண்ணுவது. பிறகு மறு கண். ஒன்பதும் தெரிந்தால் அண்ணன் நோய் தனக்கு வரவில்லை. அவரே டாக்டர், அவரே நோயாளி.

மனப்பாடமாகச் சொல்லித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளக் கூடாதே என்று, எண்ணி முடித்ததும் ஒவ்வொரு டப்பாவாகக் கிட்டே போய் அன்றைக்கு என்ன பூத்திருக்கிறது என்று சரிபார்ப்பார். அந்தச் சரிபார்ப்பில்தான் ஆள் விழுந்தார்.

"ஏய், இங்க வா. இந்த வெள்ளப் பூவுக்கு நடுவுல ஊசி முனையளவு மஞ்சள் இருக்கே, பாத்திருக்கியா?"

"நான்தான் நட்டேன்."

"காசித்தும்ப ராத்திரி உதுந்திருக்கு பாரு. யாரோ செவப்புத் துணியக் கிழிச்சு சிமெண்டுல போட்ட மாதிரி. பெருக்காத, இரு, அப்படியே கெடக்கட்டும்."

ஜினியாவின் அடுக்கு இதழ்களுக்கு நடுவே எறும்பு ஒன்று வழி தெரியாமல் சுற்றுவதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். விரிசல் வாளிக்குக் கீழே ஒழுகும் தண்ணீரைக் குடிக்கச் சிட்டு ஒன்று வரும். அது வந்தால் மூச்சு விடமாட்டார். டப்பாக் காடு என்று பேர் வைத்த வாய், இப்போது வேனுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் விரட்டினால்தான் மூடும். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் இருவரும் ஒரே பொருளைச் சேர்ந்து நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியே சொல்லமாட்டாள், ஆனால் அவளுக்கு அது இனித்தது.

ஒரு நாள் இடது கண்ணில் எண்ணும்போது அவர் எட்டோடு நின்றார்.

"நித்தியகல்யாணி எங்க?"

"அங்கதான்."

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். அது இருந்த இடத்தில் இருந்தது, ஏழெட்டுப் பூவோடு. அவர் முகம் வெளிறியதை அவள் பார்த்தாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தார். அண்ணன் பார்த்த அதே பார்வை.

அவளுக்கு மூக்கில் அந்த வாடை வந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் குளிக்கும்போது அவள் நடைக்குப் போய், வலது கோடி கேனை இரண்டு விரல் அகலம் உள்ளே தள்ளினாள். நேராக இருக்கவேண்டுமே என்று இடது கோடியையும் தள்ளினாள். அவர் வந்தார், நின்றார், எண்ணினார்.

"...எட்டு, ஒம்பது. ஒம்பது! ஏய், நேத்து தூக்கக் கலக்கம்டி. ஒம்பதும் இருக்கு."

அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

இதுதான் அவள் செய்த தப்பு. படித்தவர்கள் செய்திருக்கமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. நோயாளியின் முகம் தெளிந்தால் நோய் தெளிந்தது என்று நினைப்பது வீட்டு மனுஷர்களின் பழைய பலவீனம்.

அதன் பிறகு அவர் எண்ணிக்கை எங்கே தடுமாறுகிறதோ, மறுநாள் அங்கே இரண்டு விரல். கோடியில் இருப்பவை உள்ளே வந்தால் அடுத்தவையும் நெருங்க வேண்டும். காலியான இடத்தில் துடைப்புத் துணியைக் காயப் போட்டாள், பூவாளியை வைத்தாள். அவர் ஒரு தடவை கேட்டார்: "என்ன, எல்லாம் நெருக்கிக்கிட்டு நிக்குது?" "செடி பெருத்துடுச்சுங்க," என்றாள். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க அவருக்கும் விருப்பமில்லை.

பத்து மாதம் ஓடியது. மடிப்பக்காவுக்குப் பயம் குறையவில்லை, உருவம் மாறியது. முன்பு அவர் எட்டோடு நின்றுவிடுவாரோ என்று பயம். இப்போது அவர் துணியைத் தூக்கிப் பார்த்துவிடுவாரோ என்றும் பயம். அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டால் பயம். மேசை ஓரத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டால் பயம். வேன் ஏழு மணிக்குக் கிளம்பும் சத்தம் கேட்டால், அது மாலை திரும்பும் வரை விரிப்புகளை மடித்துக்கொண்டே மனதில் தெரு ஓரங்களை எண்ணுவாள். கண்ணாஸ்பத்திரி என்ற பேச்சை இரண்டு தடவை எடுத்தாள். "ஒம்பதும் தெரியுதே, அப்புறம் எதுக்கு?" என்றார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஒரு நாள் பிற்பகல் நாலு மணிக்கு வேன்காரர் படியேறி வந்தார். அவருக்குப் பின்னால் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மாவும் வந்தாள். வாய் ஓயாத மனுஷி. அன்றைக்கு அவளும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல தண்ணி குடு அக்கா."

"என்ன ஆச்சு?"

"ரெண்டாங்கிளாஸ் குட்டி ஒண்ணு. எறங்கிப் போயிடுச்சுன்னு நெனச்சேன். பாட்டில விட்டுட்டேன்னு திரும்பி ஓடி வந்திருக்கு. எடது பக்கம், கதவோரமா. இவரு வண்டிய எடுத்துட்டாரு. நான் ஒரு கத்து கத்தினேன் பாரு, தெருவே நின்னுடுச்சு. இன்னிக்கு பிரேக்கு என் தொண்டைதான்."

"புள்ள?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு. பாட்டில்தான் போச்சு."

வேன்காரர் கையில் இருந்ததை மேசை மேல் வைத்தார். நீல நிறத் தண்ணீர் பாட்டில், அப்பளம் போல் தட்டையாக. மூடியில் ஒட்டியிருந்த முயல் படம் மட்டும் முழுசாக இருந்தது.

"எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல," என்றார். "கண்ணாடியப் பாத்தேன். யாரும் இல்ல. சத்தியமா யாரும் இல்ல."

ஆயாம்மா போனதும் அவர் எழுந்து நடைக்குப் போனார். வாசல் நிலையில் முதுகைச் சாய்த்தார். இடது கண். வலது கண். அந்திமந்தாரை அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது. மேசை ரோஜா மூடிவிட்டது. அவள் சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள்.

"...ஏழு, எட்டு, ஒம்பது."

அவர் உள்ளே வந்தார். முகம் லேசாகியிருந்தது.

"கண்ணுல ஒண்ணும் இல்ல. புள்ளதான் குதிச்சிருக்கு. நாளைக்கு இன்னும் மெதுவா எடுக்கறேன்."

நாளைக்கு. அவள் அந்தத் தட்டையான பாட்டிலைப் பார்த்தாள். தான் தள்ளிய ஒவ்வொரு இரண்டு விரலும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அப்போது கணக்குத் தெரிந்தது. இங்கே மூடிய இடம், அங்கே வேனின் இடது பக்கம். அந்த இடத்தில்தான் ஒரு பிள்ளை நின்றிருக்கிறது.

சொன்னால் இவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். சொல்லாவிட்டால் காலையில் ஏழு மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் ஏறும். சாப்பாடு போட்டாள், பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் காலை அவர் குளியலறைக் கதவைச் சாத்தினார். அவள் நடைக்கு ஓடினாள். துடைப்புத் துணியை எடுத்தாள், பூவாளியை இறக்கினாள். அடியில் சுவர் எல்லாவற்றையும் வைத்திருந்தது. ஒவ்வொரு டப்பாவும் வருஷக்கணக்காக உட்கார்ந்த இடத்தில் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து ஒரு பழுப்பு வட்டம். எவ்வளவு தேய்த்தாலும் போகாத வட்டம். வலது கோடி வட்டத்துக்கும் இப்போது கேன் நின்ற இடத்துக்கும் நடுவே கையை வைத்து அளந்தாள். ஏறக்குறைய மூன்று சாண்.

அவசரத்தில் காசித்தும்பை ஒன்று ஒடிந்தது. பரவாயில்லை. ஒன்பதையும் பழைய வட்டத்தில் வைத்தாள்.

அவர் வந்தார். நின்றார். இடது கண்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..."

நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அஞ்சு. கண்ணை மாற்றினார். ஆறு.

"மிச்சத்த எங்க எடுத்து வெச்ச?"

"வெக்கற எடத்துலதான் வெச்சிருக்கேன்."

"வெளையாடாத. நேத்து சாயங்காலம் ஒம்பது இருந்துச்சு."

அவள் அவர் கையைப் பிடித்து வலது கோடிக்கு இழுத்துப் போனாள். கேனை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, அவர் விரலை அந்த வட்டத்தில் வைத்தாள்.

"இது மொதல்ல இருந்த எடம்." விரலை உள்ளே நகர்த்தினாள். மங்கலாக இன்னொரு வட்டம், அதை ஒட்டி இன்னொன்று. "இது, நீங்க எட்டுன்னு சொன்னதுக்கு மறுநாள். இது அதுக்கு அடுத்த மாசம். இது நேத்து நின்ன எடம். நான்தான் தள்ளினேன். எல்லாத்தையும்."

அவர் விரல் வட்டம் வட்டமாகத் திரும்பி வலது கோடிக்கே போனது. நித்தியகல்யாணி அவர் முழங்கையில் உரசிக்கொண்டிருந்தது.

"பத்து மாசம்," என்றார் கடைசியில். குரல் உயரவே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. "பத்து மாசம் ஊரான் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்கேன். நீ நவுத்தின டப்பாவ நம்பி."

"ஆமா."

"ஏன்டி?"

"உங்க அண்ணன் மாதிரி உக்காந்தீங்க. அத என்னால பாக்க முடியல. அப்புறம்..." அவள் நிறுத்தி, அதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். "தெனமும் பூவப் பாத்தீங்க. என்னக் கூப்பிட்டுக் காட்டினீங்க. அது நின்னுடக் கூடாதுன்னு இருந்துச்சு."

"பொம்பளையா நீ?"

"என்னத் திட்டுங்க. ஆனா டப்பாவ டாக்டராக்கினது நீங்கதான். நான் அதுக்கு நர்சு வேல பாத்தேன், அவ்வளவுதான்."

அவர் அவளை அடிப்பதுபோல் பார்த்தார். அடிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஜினியாவின் பக்கத்தில் வைத்தார். அவளே ஆயாம்மாவுக்குப் போன் போட்டு, வேறு டிரைவரைக் கூப்பிடச் சொன்னாள். அன்று மாலையே கண்ணாஸ்பத்திரி.

அங்கே வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே, ஓரத்தில் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அவளால் வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. பட்டன் சத்தம் மட்டும் கேட்கும். டிக். டிக். பிறகு நெடு நேரம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் எத்தனை வெளிச்சம் மின்னி அணைந்ததோ என்று நினைத்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். இரண்டு வட்டம், ஓரமெல்லாம் கறுப்பு.

"கறுப்பு போனது. அது வராது. வெள்ளையா இருக்கறத காப்பாத்தலாம். சொட்டு மருந்து, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு நாள் கூட விடக் கூடாது. வண்டி ஓட்டவே கூடாது."

"பத்து மாசம் முன்னாடியே வந்திருந்தா?" என்று அவள் கேட்டாள்.

டாக்டரம்மா படத்தைத் திருப்பி வைத்தார். "வெள்ள இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருக்கும். எவ்வளவுன்னு என்னக் கேக்காதீங்கம்மா."

அவள் கேட்கவில்லை. எவ்வளவு என்று சுவரில் இருந்தது.

நாலு நாள் அவர் அவளோடு பேசவில்லை. மருந்து விடத் தலையைச் சாய்த்துக் கொடுப்பார், அவ்வளவுதான். அவள் இமையை இழுத்து, ஒரு சொட்டு விட்டு, மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிப்பாள். அந்த இரண்டு நிமிஷமும் இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். ஐந்தாம் நாள் அழுத்திய விரலுக்குக் கீழிருந்து குரல் வந்தது.

"காசித்தும்பைய ஒடிச்சியா?"

"அவசரத்துல ஒடிஞ்சிடுச்சு."

"பாத்து நவுத்தக் கூடாதா? பத்து மாசமா பழக்கம்தானே."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்புச் சரியாக விழுந்தது.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேன்கள் போய் வரும் நேரத்தை எழுதும் வேலை கொடுத்தார்கள். ஆயாம்மா தினமும் ஜன்னலில் எட்டி, "மாமா, இன்னிக்கு நான் ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன், தங்க மெடல எழுதிக்கோ" என்று சீண்டிவிட்டுப் போவாள்.

அவர் ஒரு டின்னில் மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டை எடுத்து, ஒன்பது டப்பாவைச் சுற்றியும் சுவரில் தடித்த கோடு போட்டார். இனி ஒரு விரல் நகர்ந்தாலும் தெரியும். கோட்டுக்கு வெளியே தெரிந்த உள்வட்டங்களை அழிக்க அவள் கல்லும் கையுமாகப் போனாள். "விடு, இருக்கட்டும்" என்றார்.

பூவைப் பார்ப்பதும் நிற்கவில்லை. அவள் பயந்தபடி எதுவும் நிற்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது அவளுக்குப் பத்து மாதம் முன்னால் தெரியாது. இப்போது அவர் தலையை முழுக்கத் திருப்பிப் பார்க்கிறார். சங்குப்பூவைப் பார்க்க இடது தோள் வரை, நித்தியகல்யாணியைப் பார்க்க வலது தோள் வரை. சாயங்கால மருந்துக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. அந்திமந்தாரை விரிந்தால் நேரமாகிவிட்டது என்று அவரே வந்து நாற்காலியில் உட்காருகிறார். பக்கவாட்டில் வரும் சிட்டு இப்போது அவருக்குத் தெரிவதில்லை. தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டதும் மெல்லத் திரும்புவார். பாதி நாள் அதற்குள் பறந்திருக்கும்.

இன்றும் காலை ஆறேகாலுக்கு அவர் வாசல் நிலையில் முதுகைச் சாய்க்கிறார். முதலில் இடது கண். அவள் அடுப்பைத் தணித்து, கரண்டியோடு நிற்கிறாள். வெளியே செடிகளை அவள் தொட்டு நாலு மாதம் ஆகிறது. தண்ணீர் கூட அவர்தான் ஊற்றுகிறார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

ஓர் இடைவெளி. எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடிக்கிறது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு அடுப்பில் விழுந்து சுரீர் என்கிறது.

"அஞ்சு," என்கிறார். நாலு மாதமாக அதே அஞ்சு.

அவள் அசையவில்லை. இன்னொரு கண் பாக்கி இருக்கிறது.